ஒரே ஒரு கேம் டிஸ்க் மட்டும் ஓடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் அட்டாலியில் கிடந்த பெட்டியை இறக்கி, பழைய கேம் டிஸ்க்கைத் தூசி தட்டி டிரைவில் போடுவார்கள். அப்புறம் போன் வரும். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்திலிருந்து என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாமே விண்டோஸ் கணினியை மனதில் வைத்து எழுதியவை.

ஏனுங்க, மற்ற சிடி எல்லாம் ஓடுது, இந்த ஒரு கேம் மட்டும் ஓடலை. டிரைவ் போச்சா, டிஸ்க் போச்சா?

இரண்டும் நன்றாகவே இருக்கலாம். "ஓடலை" என்று சொல்வதற்குள் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. உங்களுடையது எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, டிஸ்க்கைப் போட்டால் கணினிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. டிரைவ் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு "டிஸ்க்கைப் போடுங்கள்" என்கிறது. இரண்டு, டிஸ்க்கின் பெயர் தெரிகிறது, ஃபைல்கள் தெரிகின்றன, ஆனால் இன்ஸ்டால் பாதியில் நின்றுவிடுகிறது. மூன்று, இன்ஸ்டால் முழுசாக முடிந்தது, கேமைத் திறந்தால் "சரியான டிஸ்க்கைப் போடவும்" என்று கேட்கிறது, டிஸ்க் உள்ளேயே இருந்தாலும்.

முதலாவது பெரும்பாலும் லென்ஸ் அல்லது டிஸ்க் வகை சார்ந்தது. இரண்டாவது பெரும்பாலும் கீறல், அழுக்கு. மூன்றாவதுக்கும் டிரைவுக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை, அது விண்டோஸுக்கும் கேமுக்கும் உள்ள தகராறு. மூன்றாவது பிரச்சினைக்காகப் புது டிரைவ் வாங்கி மாட்டியவர்கள் நிறையப் பேர். கடைக்காரரும் பாவம், கேட்டதைக் கொடுத்திருப்பார்.

சிடி எல்லாம் படிக்கிறது, டிவிடி கேம் மட்டும் படிக்கவில்லை. ஒரே லென்ஸ் தானே?

லென்ஸ் ஒன்றாக இருக்கலாம், லேசர் ஒன்றல்ல. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர். இரண்டும் ஒரே தலைப்பகுதிக்குள் இருந்தாலும் ஒன்று களைத்துப்போய் மற்றொன்று நன்றாக வேலை செய்வது சாதாரணமாக நடக்கும். டிவிடியில் தரவு எழுதியிருக்கும் தடங்களுக்கு இடையிலான தூரம் 0.74 மைக்ரோமீட்டர், சிடியில் 1.6. பாதிக்கும் குறைவான இடைவெளி என்பதால் லேசான தூசியும் தளர்ந்த லேசரும் டிவிடியைத்தான் முதலில் பாதிக்கும்.

ஆகவே பாட்டு சிடியைப் போட்டுப் பார்த்துவிட்டு "டிரைவ் நல்லா இருக்கு" என்று முடிவுக்கு வராதீர்கள். கேம் சிடி என்றால் வேறொரு கம்பெனி சிடி, கேம் டிவிடி என்றால் வேறொரு கம்பெனி டிவிடி. அப்படித்தான் ஒப்பிட வேண்டும். நீங்களே ரைட் பண்ணிய டிஸ்க்கை ஒப்பிடவும் எடுக்காதீர்கள். அது வேறு வகை.

இன்னொரு விஷயத்தையும் பாருங்கள்: உங்கள் டிரைவ் டிவிடி படிக்கும் டிரைவ்தானா? 2000-களின் தொடக்கத்தில் வாங்கிய பல கணினிகளில் வெறும் சிடி டிரைவ்தான் இருந்தது. முன்பக்கத்தில் டிவிடி சின்னம் இல்லையென்றால் விசாரணை அங்கேயே முடிந்தது.

இன்ஸ்டால் எப்போதும் ஏறக்குறைய பாதியில்தான் நிற்கிறது. அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

உண்டு, நல்ல துப்பு அது.

டிஸ்க்கில் ஃபைல்கள் உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் நோக்கி எழுதப்பட்டிருக்கும். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி பிடிக்கும். அதற்கு மேல் போனால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு வைத்து 8.5 ஜிபி வரை ஏற்றுவார்கள். கேமுக்குப் பயன்படும் அந்த இரட்டை அடுக்கு டிஸ்க்கில் லேசர் முதல் அடுக்கை உள்ளிருந்து வெளியே படித்துக்கொண்டே போய், ஓரத்தில் கவனத்தை இரண்டாம் அடுக்குக்கு மாற்றி, வெளியிலிருந்து உள்ளே திரும்பி வரும். அந்த மாற்றம் நடக்கும் இடத்தில்தான் வயதான டிரைவ்கள் திணறும். இரண்டாம் அடுக்கிலிருந்து திரும்பும் ஒளியும் குறைவு.

மை கம்ப்யூட்டரில் (புது விண்டோஸில் "திஸ் பிசி") டிஸ்க்கை ரைட் கிளிக் செய்து அளவைப் பாருங்கள். விண்டோஸ் கணக்கில் 4.37 ஜிபிக்கு மேல் காட்டினால் அது இரட்டை அடுக்கு. அப்படிப்பட்ட டிஸ்க் பாதிவாக்கில் நின்று, வேறொரு கணினியில் முழுசாகப் போனால், குற்றவாளி உங்கள் டிரைவ். எல்லாக் கணினியிலும் ஒரே ஃபைலில் நின்றால் குற்றவாளி டிஸ்க்.

ஓரத்தில் மட்டும் கீறல் உள்ள டிஸ்க் பாதி நிரம்பியதாக இருந்தால் எந்தத் தொல்லையும் தராது, லேசர் அதுவரை போகவே போகாது. அதனால் கீறலைக் கண்ணால் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம்.

"சைக்ளிக் ரிடண்டன்சி செக்" என்று எரர் வருகிறது. என்ன அது?

டிஸ்க்கிலிருந்து படித்த தரவு, கூடவே எழுதி வைத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். படிக்கிறது, தப்பாகப் படிக்கிறது. முதலில் துடையுங்கள்.

துடைப்பது எப்படி? பனியன் துணி பரவாயில்லையா?

திருப்பூர்க்காரர்கள் எல்லோரும் கேட்பது. துவைத்த, மெத்தென்ற பருத்திப் பனியன் துணி அருமையானது. ஒர்க்ஷாப்பில் கிலோ கணக்கில் வாங்கும் பனியன் வேஸ்ட் வேண்டாம். அதில் மண்ணோ இரும்புத் துகளோ ஒட்டியிருந்தால் நீங்களே புதுக் கீறல் போடுவீர்கள்.

நடு ஓட்டையிலிருந்து வெளி ஓரம் நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. டிரைவ் தவறுகளைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. குறுக்கே போகும் சின்னக் கீறலை அது தாண்டிவிடும். தடத்தின் போக்கிலேயே ஓடும் வட்டக் கீறல் அடுத்தடுத்த தரவை மொத்தமாகத் தின்றுவிடும், அதைத் திருத்த முடியாது. விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. டிஸ்க் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், வெளுத்துப்போய்விடும்.

டூத்பேஸ்ட் போட்டால் கீறல் போகும் என்கிறார்களே?

சில சமயம் போகும். பேஸ்ட்டில் இருக்கும் நுண்துகள்கள் பிளாஸ்டிக்கைத் தேய்த்து மட்டமாக்குகின்றன, அவ்வளவுதான் விஷயம். மேலோட்டமான கீறலுக்குக் கடைசி முயற்சியாகச் செய்யலாம். ஜெல் பேஸ்ட்டில் பலன் குறைவு. விலைமதிப்புள்ள, வேறெங்கும் கிடைக்காத டிஸ்க் என்றால் நான் தொடமாட்டேன். முதலில் வேறு டிரைவ்களில் முயன்று பார்ப்பேன்.

படம் அச்சடித்த மேல் பக்கத்தில் கீறல் என்றால் பேஸ்ட் உதவாது. சிடியில் தரவு இருக்கும் அலுமினியப் பூச்சு அந்த மேல் பக்கத்து மெல்லிய அரக்குக்கு அடியிலேயே இருக்கிறது. மேலே பேனாவால் அழுத்தி எழுதினாலோ ஸ்டிக்கரைப் பிய்த்தாலோ தரவும் சேர்ந்து போய்விடும். டிஸ்க்கை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியது போல வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் பூச்சே இல்லை. டிவிடி இந்த விஷயத்தில் பாதுகாப்பானது. 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டுக்கு நடுவே அதன் தரவு இருக்கிறது.

எங்கள் வீடு சோமனூரில் தறிக்குடோனை ஒட்டி இருக்கிறது. பஞ்சுத் தூசி டிரைவுக்குள் போயிருக்குமா?

கட்டாயம் போயிருக்கும். சோமனூர், பல்லடம் தறிக்குடோன்கள், ஸ்பின்னிங் மில் பக்கத்து வீடுகள், திருப்பூரில் மாடியில் கட்டிங், கீழே குடித்தனம் என்றிருக்கும் வீடுகள்: இங்கெல்லாம் சிபியுவைத் திறந்தால் ஃபேனில் பஞ்சு மெத்தையே இருக்கும். அதே பஞ்சு டிரைவின் ட்ரே இடுக்கு வழியாக லென்ஸ் மேலும் படியும். கோவையில் பவுண்டரி பக்கத்து வீடுகளில் கருந்தூசி.

மேசைக் கணினி டிரைவில் லென்ஸ் உள்ளே இருக்கும், எட்டாது. லேப்டாப் டிரைவிலும் மெல்லிய வெளி டிரைவிலும் ட்ரேயை இழுத்தாலே லென்ஸ் கண்ணில் படும். கணினியை அணைத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல் ஒரு சுற்று சுற்றுங்கள். லென்ஸ் முடி போன்ற கம்பிகளில் மிதந்துகொண்டிருக்கிறது, அழுத்தினால் கதை முடிந்தது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். தறிக்கு ஊதும் கம்ப்ரசர் காற்றையும் நேரடியாகப் பாய்ச்ச வேண்டாம். அந்த அழுத்தத்துக்கு லென்ஸே இடம் மாறிவிடும்.

கடைகளில் கிடைக்கும் பிரஷ் வைத்த லென்ஸ் கிளீனர் டிஸ்க் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. உலர்ந்த தூசிக்கு உதவும், பிசுக்குக்கு உதவாது.

குன்னூரிலிருந்து டிரைவை மேட்டுப்பாளையம் கொண்டுவந்தேன். வந்தவுடன் எதையும் படிக்கவில்லை, சாயங்காலம் படித்தது. எப்படி?

மலையில் குளிர்ந்திருந்த லென்ஸ் மேல் கீழ்நாட்டு ஈரக்காற்று பட்டு ஆவி படிந்திருக்கும். கண்ணாடி போட்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு மணி நேரம் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

வெயிலுக்கும் நம் பக்கத்தில் பஞ்சமில்லை. சித்திரை வெயிலில் கரூர் பரமத்தி பக்கம் காருக்குள் டிஸ்க்கை விட்டுவிட்டால் வளைந்துபோகும். சமமான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஓரம் தூக்கிக்கொண்டு இருந்தால் வேகமாகச் சுற்றும்போது டிரைவ் அதிர்ந்து, படிக்கவே மறுக்கும். அப்படிப்பட்ட டிஸ்க்கைக் குறைந்த வேகத்தில் படிக்கவைத்தால் சில நேரம் தப்பும்.

யூஎஸ்பி வெளி டிரைவ் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறது.

மின்சாரம் போதவில்லை. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லியாம்பியர் தரும், 3.0 என்றால் 900. டிஸ்க் சுற்றத் தொடங்கும் நொடியில் டிரைவ் அதற்கு மேலும் கேட்கலாம். ஹப் வேண்டாம், நீளமான மெல்லிய கேபிள் வேண்டாம். மேசைக் கணினியின் முன்பக்கப் போர்ட்டை விட்டு, பின்பக்கத்தில் செருகுங்கள். இரண்டு தலை உள்ள கேபிளோடு வந்த டிரைவ் என்றால் இரண்டையும் செருக வேண்டும்; ஒன்றை மட்டும் செருகிவிட்டு மற்றதைத் தொங்கவிடுபவர்கள்தான் அதிகம்.

ஃபைல் எல்லாம் தெரிகிறது, இன்ஸ்டாலும் ஆனது. ஆனால் விண்டோஸ் 10-இல் கேம் திறக்கவே மாட்டேன் என்கிறது. பழைய எக்ஸ்பி கணினியில் அதே டிஸ்க் ஓடுகிறது. டிரைவை மாற்றலாமா அண்ணா?

மாற்ற வேண்டாம் தம்பி. இதுதான் நான் மேலே சொன்ன மூன்றாவது வகை.

2000-களில் வந்த பல கேம்களில் நகல் எடுப்பதைத் தடுக்க சேஃப்டிஸ்க், செக்யூராம், ஸ்டார்ஃபோர்ஸ் போன்ற பூட்டுகள் இருந்தன. கேம் திறக்கும்போது அந்தப் பூட்டு டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்து, கம்பெனி டிஸ்க்தானா என்று சோதிக்கும். சேஃப்டிஸ்க் இதற்காக விண்டோஸின் அடியாழத்தில் ஒரு டிரைவர் மென்பொருளை வைத்திருந்தது. அதில் இருந்த ஓட்டை வழியாகக் கணினியின் முழு அதிகாரத்தையும் பிடிக்க முடியும் என்பதால் விண்டோஸ் 10-இல் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவே இல்லை. 2015 செப்டம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட், விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. நேற்று வரை ஓடிய கேம் ஒரே நாளில் நின்றுபோனதாகப் பலர் புலம்பியது அதனால்தான். செக்யூராமின் பழைய பதிப்புகளுக்கும் விண்டோஸ் 10-இல் இதே கதி.

விண்டோஸ் 7-இல் அந்த டிரைவரை மறுபடியும் இயக்க வழி இருக்கிறது. இணையத்தோடு இணைந்த கணினியில் அதைச் செய்யாதீர்கள் என்பேன். மற்ற வழிகள்: கேம் கம்பெனியே பிற்பாடு டிஸ்க் சோதனையை நீக்கி ஒரு பேட்ச் (திருத்த ஃபைல்) வெளியிட்டிருக்கிறதா என்று பாருங்கள், சில கேம்களுக்கு உண்டு. அல்லது அதே கேம் ஸ்டீம், ஜிஓஜி போன்ற இணையக் கேம் கடைகளில் விற்பனையில் இருந்தால் தள்ளுபடி நாளில் வாங்கிவிடுங்கள். ஜிஓஜியில் விற்பவை இந்தப் பூட்டு எதுவும் இல்லாமல் வரும். இல்லையென்றால் எக்ஸ்பி கணினியை நெட் இல்லாமல் ஒரு மூலையில் கேமுக்கென்றே வைத்திருங்கள். டிஸ்க் இல்லாமலே கேமை ஓடவைக்கும் "நோ சிடி" என்று பெயர் தெரியாத தளங்களில் கிடைக்கும் ஃபைல்களில் வைரஸ் வாங்கியவர்களின் கணினியைச் சுத்தம் செய்து கொடுத்து எனக்கு அலுத்துவிட்டது.

இன்னொரு கிளைக்கதை. கணினியில் விர்ச்சுவல் டிரைவ் மென்பொருள் (டிஸ்க் நகல் ஃபைலை நிஜ டிரைவில் போட்ட டிஸ்க் போலக் காட்டுவது) இருந்தாலே செக்யூராம் பூட்டுள்ள சில கேம்கள் ஓட மறுக்கும், உங்களிடம் இருப்பது அசல் டிஸ்க் ஆனாலும். அதை நீக்கிவிட்டு ஒருமுறை பாருங்கள்.

செட்டப்பை டபுள் கிளிக் செய்தால் "உங்கள் கணினியில் இதை ஓட்ட முடியாது" என்கிறது. டிஸ்க் தொண்ணூறுகளில் வந்தது.

அந்தக் காலத்துச் செட்டப் புரோகிராம்கள் பல 16 பிட். 64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராமை ஓட்டாது. கேம் 32 பிட்டாக இருந்து, செட்டப் மட்டும் 16 பிட்டாக இருக்கும் வேடிக்கையும் உண்டு. டிஸ்க்கும் டிரைவும் சுத்தமாக இருக்கின்றன, விட்டுவிடுங்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கேம் என்றால், அவற்றை ஓட்டவென்றே உள்ள டாஸ்பாக்ஸ் மென்பொருள் போதும்.

ப்ளேஸ்டேஷன் 2 டிஸ்க்கைக் கணினியில் போட்டால் ஓடுமா?

ஓடாது. ஃபைல்கள் தெரியலாம், அவை அந்தப் பெட்டிக்கு எழுதியவை. எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்கில் இன்னும் விசேஷம்: கணினிக்கு ஒரு குட்டி வீடியோ பகுதி மட்டும் தெரியும், கேம் இருக்கும் பகுதி கண்ணிலேயே படாது. ப்ளேஸ்டேஷன் 3 டிஸ்க் புளூ-ரே. 405 நானோமீட்டர் லேசர் வேண்டும், சாதாரண டிவிடி டிரைவுக்கு அது வெற்றுத் தட்டு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கடையில் வாங்கும்போது பெட்டியில் "பிசி" என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டிஸ்க்கின் ரீஜியன் கோடு வேறு என்பதால் படிக்காமல் இருக்குமா?

இருக்காது. ரீஜியன் கோடு டிவிடி சினிமாவுக்கானது. இந்தியா அதில் 5. பிசி கேம் டிஸ்க்குக்கு அது பொருந்தாது. இதற்காக டிரைவின் ரீஜியனை மாற்றிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், மொத்தம் ஐந்து முறைதான் மாற்ற முடியும். அப்புறம் கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும்.

டிஸ்க்கில் கேமே இல்லையோ என்று சந்தேகமாக இருக்கிறது. சில எம்பிதான் காட்டுகிறது.

சந்தேகம் சரியாக இருக்கலாம். 2015-இல் வந்த மெட்டல் கியர் சாலிட் 5-இன் பிசி டிஸ்க்கில் ஸ்டீமை நிறுவும் சிறு புரோகிராம் மட்டுமே இருந்தது, கேமை நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும். அதே ஆண்டு வந்த ஜிடிஏ 5 நேர்மாறு, ஏழு டிவிடி. இப்படிப்பட்ட கேம்களின் உறைக்குள் இருக்கும் கீ எண் ஏற்கெனவே வேறொருவரின் ஆன்லைன் கணக்கில் சேர்ந்துவிட்டால் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிஸ்க்கால் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

எப்படியாவது இந்த டிஸ்க்கிலிருந்து தரவை மீட்க வேண்டும். கடைசி வழி என்ன?

வேறு டிரைவ், அதுவும் வேறு கம்பெனி டிரைவ். ஒன்று கைவிட்ட டிஸ்க்கை இன்னொன்று சிரமமில்லாமல் படிப்பதைப் பலமுறை பார்த்தாயிற்று. டிரைவ் யாரிடம் இருக்கும் என்று யோசிக்கிறீர்களா? கோபி, தாராபுரம் மாதிரி ஊர்களில் கல்யாண வீடியோவை டிவிடியில் போட்டுக் கொடுத்த ஸ்டுடியோக்காரர்களிடம் நல்ல மேசைக் கணினி டிரைவ் இன்னும் இருக்கும். கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

கிடைத்ததும் இம்க்பர்ன் மாதிரி மென்பொருளில், படிக்கும் வேகத்தை ஆகக் குறைவாக வைத்து முழு டிஸ்க்கையும் ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக எடுங்கள். லினக்ஸ் தெரிந்தவர்கள் டிடிரெஸ்கியூ பயன்படுத்தலாம். விட்டுப்போன இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, வேறு டிரைவில் போட்டு அந்த இடங்களை மட்டும் மறுபடி படிக்கும். விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓவை டபுள் கிளிக் செய்தாலே டிரைவாகத் திறந்துகொள்ளும். வாங்கிய மென்பொருளுக்குச் சேதத்துக்கு எதிரான காப்பாக நகல் எடுத்து வைத்துக்கொள்ள 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஊருக்குப் பங்கு போட அல்ல.

ஆனால் சேஃப்டிஸ்க் பூட்டுள்ள டிஸ்க்கில் வேண்டுமென்றே படிக்க முடியாத பகுதிகளை வைத்திருப்பார்கள். அங்கே வரும் எரரைப் பார்த்து டிஸ்க் கெட்டது என்று நினைக்க வேண்டாம். நகலும் அந்தப் பூட்டைத் தாண்டாது.

நடு ஓட்டையருகே சின்ன விரிசல் இருக்கிறது. ஒருமுறை போட்டுப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். 52 மடங்கு வேக சிடி டிரைவில் டிஸ்க் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றும். விரிசல் ஓடி டிஸ்க் உள்ளேயே சில்லுச் சில்லாக வெடிக்கும், டிரைவும் போகும். ஏற்கெனவே உள்ளே போட்டுவிட்டீர்கள், ட்ரே வெளியே வரவில்லை என்றால் கணினியை அணைத்து, சுற்றுவது நிற்கும் வரை காத்திருந்து, முன்பக்கத்துச் சின்னத் துளையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை நேராக அழுத்துங்கள். ட்ரே கொஞ்சம் வெளியே வரும், மீதியைக் கையால் இழுத்துக்கொள்ளலாம்.